பாட்டியின் நகைக்கு உண்மையில் எத்தனை வயது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அப்பாவழிப் பாட்டியிடமிருந்து வந்த கெம்பு அட்டிகை ஒன்றும் காசுமாலை ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. இரண்டும் இருநூறு ஆண்டுப் பழமை உடையவை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நகைக்கடையில் காட்டியபோது ஐம்பது ஆண்டுகூட இராது என்று சொல்லிவிட்டார்கள். பழம்பொருள் வாங்குகிற ஒருவரோ அட்டிகை நாயக்கர் காலத்தது என்கிறார். யாரை நம்புவது?

மூன்று பேரும் நகையின் ஏதோ ஒரு பகுதியைப் பார்த்து முழு நகைக்கும் வயது சொல்லியிருக்கிறார்கள். நம் குடும்பங்களில் தங்கம் அழித்து அழித்துச் செய்யப்படுகிற பொருள். கொள்ளுப்பாட்டியின் ஒட்டியாணம் பாட்டியின் கல்யாணத்துக்கு வளையலாகும். அந்த வளையலில் பாதி அத்தையின் சங்கிலியாகும். தங்கம் பரம்பரையாக வந்தது என்பது உண்மையாக இருக்கும். இப்போதுள்ள உருவம் போன தலைமுறையில் வந்ததாக இருக்கும். ஒரே நகையில் தங்கத்துக்கு ஒரு வயது, கல்லுக்கு ஒரு வயது, வேலைப்பாட்டுக்கு ஒரு வயது, கோர்வைக்கு ஒரு வயது, பழுதுபார்த்த இடத்துக்கு ஒரு வயது. இவற்றில் பின்னால் சேர்த்தவை எவை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கழிக்க முடியாமல் மிஞ்சுகிற பகுதிகளுள் எது மிக இளையதோ, அதைவிட அந்த நகை மூத்ததாக இருக்க முடியாது. நான் சொல்லப்போகும் எல்லாச் சோதனைகளுக்கும் அடிப்படை இதுதான்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விலக்கிவிடுகிறேன். கார்பன் சோதனையில் தங்கத்தின் வயது தெரியாது. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் அந்தச் சோதனை பயன்படும். உள்ளே இருக்கும் அரக்கையும் கோர்த்த நூலையும் கோட்பாட்டளவில் சோதிக்கலாம். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1950 வரையிலான காலத்தில் அந்த முறை தரும் விடை மிக அகலமாக இருக்கும். 1700, 1800, 1900 மூன்றுக்குமே இடம் கொடுக்கும். ஒன்றை மட்டும் அது திடமாகச் சொல்லும். அணுகுண்டுச் சோதனைகளால் 1950-களின் நடுவிலிருந்து காற்றில் கார்பன்-14 அளவு கூடியது. அதற்குப் பிறகு உருவான அரக்கு என்றால் தெரிந்துவிடும். அரக்கைப் பின்னாளில் மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், வீட்டு நகைக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி அட்டிகை. முன்பக்கத்தைப் பார்க்கும் முன் அதைக் கவிழ்த்து வையுங்கள். நாயக்கர் காலம் என்று சொன்னவர் யாளியையும் அன்னத்தையும் மாங்காயையும் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். மதுரை நாயக்கர் ஆட்சி 1736-இல் முடிந்துவிட்டது. அந்த உருவங்களோ முடியவே இல்லை. நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் இன்றும் அதே அன்னத்தையும் அதே மாங்காயையும் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் நகை மரபில் வடிவம் மிக மெதுவாகவே மாறுகிறது. வடிவத்தை மட்டும் பார்த்து நூற்றாண்டு சொல்லுகிறவரை நான் நம்புவதில்லை.

பின்பக்கம் அப்படி மறைக்காது. பழைய முறையில் செய்த கெம்பு அட்டிகையில் கல் இருக்கும் குழி பின்னால் மூடியிருக்கும். குழிக்குள் அரக்கு, அதன்மேல் பளபளக்கும் மெல்லிய தகடு, அதன்மேல் கல், கல்லைச் சுற்றிச் சுத்தத் தங்க ரேக்கை (மிக மெல்லிய தங்கத் தகட்டை) அழுத்தி இறுக்கிய விளிம்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். பின்தகட்டில் அரத்தின் கீறல்கள் ஒரே திசையில் சீராக ஓடாமல் இடத்துக்கு இடம் மாறியிருந்தால் அது கைவேலை. அட்டிகையில் கல் பதித்த ஒவ்வொரு துண்டும் ஒரு வில்லை. ஒரு வில்லைக்கும் அடுத்த வில்லைக்கும் அளவில் சிறு வேறுபாடு இருந்தாலும் அப்படியே. மாறாக, எல்லா வில்லைகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவாக இருந்து, மூலைகளில் ஊசி முனை அளவுக்குச் சிறுசிறு குழிகள் தெரிந்தால், ரப்பர் அச்சில் மெழுகு எடுத்து வார்த்த வேலை. அந்த முறை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் நகைத் தொழிலில் பரவியது.

தேய்மானத்தையும் இதே லென்ஸில் பார்க்கலாம். வளையம் வளையத்தோடு உரசும் இடம் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்க வேண்டும். கழுத்தில் படும் பின்பக்கத்தில் கூர்மைகள் மழுங்கியிருக்க வேண்டும். உண்மையான அழுக்கு பள்ளத்தில்தான் தங்கும். மேடு பளிச்சென்று இருக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் 'ஆன்டிக் ஃபினிஷ்' நகைகளில் கருமை ரசாயனத்தால் ஏற்றப்படுகிறது. தோலில் உரசித் தேய்ந்திருக்க வேண்டிய மேட்டிலும் அது படிந்திருக்கும். தேய்ந்திருக்க வேண்டிய மேட்டில் கருமை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து கற்கள். உங்கள் அட்டிகைக்கு வயது சொல்வதில் இதுவே பெரிய சாட்சி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய கெம்பு நகைகளில் பர்மா மாணிக்கமும் சிவப்பு ஸ்பினெல் கல்லும் வைத்தார்கள். இரண்டும் இயற்கையானவை, ஒன்றுபோல் ஒன்று இராது. பட்டை தீட்டுகிறவர் கல்லின் எடையைக் காப்பாற்றவே பார்ப்பார். அதனால் வடிவம் கோணலாக இருக்கும். உள்ளே வெள்ளை நூல் இழைபோன்ற கோடுகள், மேகம்போன்ற மாசு, ஒரு பக்கம் கருஞ்சிவப்பும் மறுபக்கம் இளஞ்சிவப்புமான நிறத் திட்டு எல்லாம் தெரியும்.

1902-இல் பிரான்சின் ஒகுஸ்த் வெர்னூயில் என்ற வேதியியலாளர், அலுமினியம் ஆக்சைடு பொடியைத் தீச்சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்தார். அதற்கு முன்பே, 1880-களின் நடுவில், 'ஜெனிவா மாணிக்கம்' என்ற பெயரில் செயற்கைக் கல் கொஞ்சம் வந்திருந்தது. ஆனால் மலிவாக, மூட்டை மூட்டையாக வந்தது வெர்னூயில் முறைக்குப் பிறகுதான். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த அந்தக் கற்கள் தென்னிந்திய நகைகளில் தாராளமாக ஏறின. பின்னாளில் திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது வீட்டுக்கு வீடு நடக்கும் தொழிலாகவே ஆனது.

இந்தக் கல்லை எப்படி அறிவது? லென்ஸை கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லைச் சாய்த்துச் சாய்த்து விளக்கைப் பக்கவாட்டில் காட்டுங்கள். ஒரு சாய்வில் உள்ளே மெல்லிய வளைகோடுகள் இசைத்தட்டின் வரிகளைப்போல அடுத்தடுத்துத் தெரியும். இயற்கை மாணிக்கத்தின் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணத்தோடு திரும்பும், வளையவே வளையாது. கூடவே நுண்ணிய காற்றுக் குமிழிகளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மூடிய குழியில் தகட்டின்மேல் இருக்கும் கல்லில் இதைக் காண்பது கடினம்தான். நான்கைந்து கற்களைப் பொறுமையாகப் பார்த்தால் ஒன்றிலாவது பிடிபடும். புற ஊதா டார்ச் அடித்து, சிவப்பாக ஒளிர்ந்தால் அசல் என்று காட்டும் காணொளிகளை நம்ப வேண்டாம். பர்மா மாணிக்கமும் ஒளிரும், செயற்கை மாணிக்கமும் ஒளிரும்.

இப்போது கழித்தல் கணக்கு. அட்டிகை முழுதும் இயற்கைக் கற்கள், ஓரிரண்டு மட்டும் செயற்கை என்றால், அவை பழுதுபார்த்தபோது வைத்தவை. அந்தக் குழியின் விளிம்பில் ரேக்கு கலைந்து மறுபடி அழுத்திய அடையாளம் பெரும்பாலும் இருக்கும். அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். எல்லாமே செயற்கை, ஒவ்வொரு குழியும் அந்தந்தக் கல்லுக்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது, விளிம்பு எங்கும் கலையவில்லை என்றால், அந்த அட்டிகை 1900-களின் தொடக்கத்துக்கு முன்பு செய்ததாக இருக்க முடியாது. அதற்கு மேல் எத்தனை அன்னம் இருந்தாலும் நாயக்கர் பெயரை எடுக்க வேண்டியதில்லை. கல்லின் வெடிப்புகளில் நீலப் பளிச்சிடல் தெரிந்தால் அது ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். 2004 வாக்கில் சந்தைக்கு வந்தது. கண்ணாடிக் கல் மட்டும் வயதுக்குச் சாட்சி சொல்லாது. எளிய வீட்டு நகைகளில் கண்ணாடி வைப்பது பழைய வழக்கம்தான். கண்ணாடி மென்மையானது என்பதால் ஓரங்கள் தேய்ந்து கீறலாக இருக்கும். மாணிக்கத்தின் ஓரம் நூறு ஆண்டானாலும் கூர்மையாக இருக்கும்.

முத்து தொங்கினால் அதுவும் துப்புத் தரும். உருண்டையான வளர்ப்பு முத்துகள் ஜப்பானிலிருந்து உலகச் சந்தைக்கு வந்தது 1920-களில். அதற்கு முந்தியவை கடலில் எடுத்த இயற்கை முத்துகள். மன்னார் வளைகுடாவில் எடுத்ததோ பஸ்ரா வழியாக வந்ததோ. துளைக்குள் லென்ஸால் பார்த்தால், வளர்ப்பு முத்தில் வெளிப்படலத்துக்கும் உள்மணிக்கும் இடையே ஒரு கோடு தெரியலாம். உறுதிசெய்ய எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆனால் முத்துகள் அடிக்கடி மாற்றப்படுபவை. அவற்றை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

நீங்கள் வைரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் பல வீடுகளில் 'பாட்டியின் புளூ ஜாக்கர் தோடு, இருநூறு வருஷத்துப் பொருள்' என்ற பேச்சு உண்டு. நீலச் சாயை அடிக்கும் அந்த வைரங்கள் புகழ்பெற்றது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தால். அங்கு வைரம் கிடைக்கத் தொடங்கியது 1870-இல். அந்தச் சுரங்கத்துக் கல்தான் என்று அடித்துச் சொல்கிறவர், தோட்டுக்கு 1820 என்று தேதியிட முடியாது. வைரத்தின் மேல்முகத்தின் வழியே பார்க்கும்போது அடிமுனை ஒரு சிறு வட்டமாகத் தெரிந்தால் அது பழைய பட்டை. இன்று நாம் காணும் அளவுக் கணக்குள்ள வட்டப் பட்டைக்கு இலக்கணம் வகுக்கப்பட்டது 1919-இல்.

காசுமாலைக்கு வருவோம். இதில் பாதி வேலையை நாணயமே செய்துவிடும், அவை உண்மையான சவரன்களாக, அதாவது பிரிட்டிஷ் தங்க நாணயங்களாக இருந்தால். பெரும்பாலான காசுமாலைகளில் இருப்பவை லட்சுமி உருவம் அடித்த மெல்லிய காசுகள். அவற்றில் ஆண்டு இராது. உங்களுடையதில் ராணி தலையும் குதிரை வீரனும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒவ்வொரு காசையும் எடுத்து ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவின் இளமைத் தலை 1887 வரை. சிறு கிரீடம் வைத்த தலை 1887 முதல் 1893 வரை. முக்காடிட்ட முதிய தலை 1893 முதல் 1901 வரை. பிறகு ஏழாம் எட்வர்டு, அடுத்து ஐந்தாம் ஜார்ஜ்.

மாலைக்கு வயது சொல்வது மிகப் பழைய காசு அன்று. மிகப் புதிய காசு. இருபது காசுகள் 1870-களைச் சேர்ந்தவையாக இருந்து ஒரே ஒரு காசு 1918-ஆக இருந்தால், அந்த ஒன்றைப் பின்னால் சேர்த்ததற்கான அடையாளம் இல்லாதவரை, மாலை 1918-க்குப் பிந்தியது. அந்த 1918 காசில் குதிரைக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே உள்ள தரையில், மிகச் சிறிய 'ஐ' என்ற ஆங்கில எழுத்தைத் தேடிப் பாருங்கள். சவரன் பம்பாயில் அச்சிடப்பட்டது அந்த ஓர் ஆண்டில்தான். அதற்கான அடையாளம் அந்த எழுத்து. சிட்னியில் அச்சானதற்கு 'எஸ்', மெல்போர்னுக்கு 'எம்', பெர்த்துக்கு 'பி'.

ஒரு காசு பின்னால் சேர்ந்ததா என்று அறிய வளையத்தைப் பாருங்கள். எல்லாக் காசிலும் வளையத்தைப் பற்றவைத்த விதம் ஒன்றாக இருக்கிறதா? பின்பக்கம் ஒரே அளவு வழவழப்பா? ஒன்றில் மட்டும் குதிரையின் பிடரிமயிர்கூட அழியாமல் இருக்கிறதா? நீண்ட நாள் அணிந்த மாலையில் மார்பில் படும் பக்கம் எல்லாக் காசிலும் சேர்ந்தே தேயும். சவரனின் எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். அளவு சரியாக இல்லாவிட்டால் அது உள்ளூரில் வார்த்த நகலாக இருக்கலாம். ஆண்டையும் கண்மூடி நம்ப முடியாது. 1925 என்று தேதியிட்ட சவரன்களை லண்டன் நாணயச்சாலை 1949 முதல் 1952 வரை மறுபடி அடித்தது. காசில் உள்ள ஆண்டு, மாலை அதற்கு முன்பு இல்லை என்று மட்டும் சொல்லும். எவ்வளவு பின்பு என்று சொல்லாது. பழைய சவரன்களைச் சேர்த்துவைத்து 1960-இல் மாலை கட்டியவர்களும் உண்டு.

தங்கத்தின் மாற்று, அதாவது அதன் தூய்மை அளவு, இங்கே உதவும். மாற்றை அளக்கும் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துப் பார்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தகடு, வளையம், திருகு, பற்றவைத்த இடம் என நான்கு இடங்களில் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறையில் ஆசாரி தானே கலந்து உருக்கிய தங்கத்தில் இடத்துக்கு இடம் மாற்று வேறுபடும். எல்லா இடமும் 91.6 விழுக்காடு (22 காரட்) என்று அச்சடித்ததுபோல் வந்தால் அண்மைக் காலத்து வேலை என்று எண்ண இடமிருக்கிறது. பற்றில் காட்மியம் தெரிந்தால் அது கேடிஎம் பற்று. நம் ஊரில் அது 1980-களுக்குப் பிறகு பரவியது. ஒரு பழுதுபார்த்த இடத்தில் மட்டும் என்றால் நகை பழையது, பழுது புதியது. எல்லாப் பற்றிலும் என்றால் நகையே புதியது.

மாற்று மிகக் குறைந்து 14 காரட் என்று வந்தால் ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றன. 1966-இல் அந்த வரம்பு நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கான பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்து தவித்தன. தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. நம் பக்கத்துக் கல்யாண நகை 14 காரட்டில் இருந்தால், அந்த மூன்றரை ஆண்டுகளை நான் முதலில் நினைத்துப் பார்ப்பேன்.

முத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) ஹால்மார்க் தங்கத்துக்கு வந்தது 2000-இல். எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு குறிகள் கொண்ட அடையாளம் 2021 ஜூலையிலிருந்து. பழைய நகையை விற்கவோ அடகு வைக்கவோ போனபோது இப்போது முத்திரை குத்தியிருக்கவும் கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெயர் பொறித்திருந்தால் கூர்ந்து பாருங்கள். மீனாட்சி, கண்ணாத்தாள் போன்ற பெயர்களில் 'னா', 'ணா' எழுத்துகள் பழைய சுழி வடிவில் இருக்கின்றனவா, இன்றுபோல் தனிக் காலோடு இருக்கின்றனவா? தனிக்கால் வடிவத்தைப் பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் கையாண்டார். தமிழக அரசு 1978-இல் ஏற்றது. 1890-இல் செய்தது என்று சொல்லப்படும் நகையில் புதிய வடிவம் இருந்தால், அந்தப் பொறிப்பு பின்னாளில் வந்தது. பழைய வடிவம் இருப்பதால் பழமை உறுதியாகிவிடாது. 1978-க்குப் பிறகும் பெரியவர்கள் கைப்பழக்கத்தில் அப்படியே எழுதினார்கள்.

இவ்வளவு சொன்னாலும், நான் லென்ஸைவிட அதிகம் நம்புவது வீட்டு அலமாரியில் கிடக்கும் காகிதங்களை. சீர்வரிசைப் பட்டியல், பாகப்பிரிவினைப் பத்திரம், அடகுச் சீட்டு, ஆசாரி எழுதிக்கொடுத்த துண்டுக் கணக்கு, கல்யாணப் புகைப்படம் எதையும் எறியாதீர்கள். சீட்டில் தேதி கிழிந்துபோயிருந்தாலும் எடை அளவு காலத்தைக் காட்டும். தோலா, குன்றிமணி என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மெட்ரிக் முறை ஊன்றுவதற்கு முந்தியது. கிராம் என்றிருந்தால் 1950-களின் இறுதிக்குப் பிந்தியது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. பாட்டியின் கல்யாணப் படத்தில் அதே அட்டிகை தெரிந்தால் படத்தைப் பெரிதாக்கி வில்லைகளை எண்ணுங்கள்; நடுப் பதக்கமும் அதேதானா என்று பாருங்கள். பதக்கம் மட்டும் வேறாக இருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில், நகையைப் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். கடையில் 'கழுவித் தருகிறோம்' என்பார்கள். அரக்கில் நீர் இறங்கினால் தகடு கறுத்துக் கல் மங்கிவிடும், தேய்மானச் சாட்சியும் அழிந்துவிடும். இரண்டு நகைகளையும் முன்னும் பின்னும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். காசுகளின் ஆண்டுப் பட்டியலை எழுதுங்கள். அட்டிகையின் கற்களை ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள். அவர்கள் கல் இயற்கையா செயற்கையா என்று எழுதிக்கொடுப்பார்கள். நகையின் வயதை எழுதமாட்டார்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை எந்த விலைக்கும் தலையாட்டாதீர்கள்.

உங்கள் தங்கை வெளிநாட்டில் இருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப் பொருளும் தொல்பொருளாகும். தனியார் அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இருநூறு ஆண்டு நகை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்பது சிக்கலில் முடியும். நூறு ஆண்டை எட்டும் வாய்ப்பிருந்தால், இந்தியத் தொல்லியல் துறையில் விசாரித்த பிறகே அனுப்புவதைப் பற்றி யோசியுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து என் கணிப்பு இது. அட்டிகையின் கற்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு, மாசே இல்லை என்கிறீர்கள்; பின்பக்கம் கையால் அராவியது என்கிறீர்கள். லென்ஸில் வளைகோடு தெரிந்தால் 1910-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட கைவேலையாக இருக்கலாம். அப்படியானால் கடைக்காரர் சொன்னதைவிட மூத்தது, பெரியவர்கள் சொன்னதைவிட இளையது. காசுமாலையைப் பற்றி, காசுகளின் ஆண்டுப் பட்டியலையும் வளையங்களை நெருக்கத்தில் எடுத்த படங்களையும் பார்க்காமல் நான் எதுவும் சொல்லமாட்டேன். அவற்றை அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.